கயிறு இழுத்து வந்த காமாலை

காலையில் எழுந்து கக்கூஸுக்குப் போனேன். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போயிற்று. பால் கலக்காத, முதல் வடி டிகாக்‌ஷன். பல்பு வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் அடுத்துதான் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கக்கூஸ். உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கிக் கல் மாதிரி இருந்தன. கையை ஊன்றி எழலாம் என்றால் தோளும் கைவிட்டுவிட்டது. கலாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கலா என் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது கம்பெனி விளையாட்டு விழாவுக்கோ, ஏரியா கிரிக்கெட்டுக்கோ, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கோ பெயர் கொடுத்திருக்கலாம். நாற்பதைத் தாண்டியவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிய உடம்பு இன்னும் உள்ளே எங்கேயோ அப்படியே இருக்கிறது என்று நம்புகிறவராகவும் இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுதும்போதே காது சூடாகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வார்ப்பு பாகங்களை அளந்து பார்த்து, தேறினால் பச்சைக் குறி, தேறாவிட்டால் சிவப்புக் குறி. குடியிருப்பது நீலசந்திராவில். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் தொழிற்சாலையில் விளையாட்டுப் போட்டி நடக்கும். கேரம், ஓட்டம், எறிபந்து எல்லாம் உண்டு. ஆனால் மொத்தத் தொழிற்சாலையும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பது கயிறு இழுத்தலுக்குத்தான். பிரிவுக்கு ஒரு அணி, அணிக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. சரக்கு அனுப்பும் பிரிவில் வார்ப்புகளை நிறுக்கும் இரும்பு மேடை இருக்கிறதே, அதில்தான் எங்களையும் ஏற்றி நிறுப்பார்கள். எட்டுப் பேரும் ஒன்றாக ஏறி நிற்க வேண்டும். சுற்றிலும் கூட்டம் நின்று விசிலடிக்கும்.

முதல் முறை ஏறினபோது எங்கள் அணி வரம்பைத் தாண்டிவிட்டது. யாராவது ஒருவரை மாற்ற வேண்டும். கூட்டத்திலிருந்து ஒரு குரல், டும்மனை இறக்கினால் சரியாகிவிடும் என்றது. டும்மன் என்றால் கன்னடத்தில் குண்டன். சிரிப்பு கிளம்பியது. நான்தான் கேப்டன், நான்தான் டும்மன். என் தொப்பையை இருநூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மாதிரி இருந்தது. யாரையும் இறக்க வேண்டாம், எடையை நான் இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். வாய் இருக்கிறதே, அது எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

எனக்குப் பின்னாலேயே முனிராஜு இறங்கினார். வார்ப்புப் பிரிவில் அச்சு அடிக்கிறவர். தும்கூர் பக்கத்துக்காரர், கன்னடக்காரர், தமிழைத் தொழிற்சாலையிலேயே கற்றுக்கொண்டவர். கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவர் அவர்தான். அவர் காலை ஊன்றினால் எங்கள் அணி நகராது. கேப்டன் ஒருத்தரே எதற்குக் கஷ்டப்பட வேண்டும், நானும் கொஞ்சம் இறக்குகிறேன் என்றார். அவர் வார்ப்புகளில் எத்தனையோ முறை நான் சிவப்புக் குறி போட்டிருக்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அடுத்து நான் செய்ததையெல்லாம் சொல்கிறேன். செல்போன் வீடியோவில் பார்த்தது பாதி, கபடி நாளில் கேள்விப்பட்டது பாதி. சோற்றை அடியோடு விட்டேன். சப்பாத்தியும் இல்லை. வெள்ளரிக்காய், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான். கலா தட்டில் சோறு போட்டால் தட்டைத் தள்ளிவிட்டேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரில் வைத்திருக்கும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பீன்யாவின் உள் ரோடுகளில் ஓடினேன். உள்ளே வேர்வை குளம் கட்டும். எடை குறைகிறது என்று சந்தோஷப்பட்டேன். குறைந்தது தண்ணீர்தான் என்று பிறகு டாக்டர் சொன்னபோதுதான் தெரிந்தது.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் கிளையில் கயிற்றைப் போட்டு, மறு நுனியில் வார்ப்பு மணல் நிரப்பின பேரலைக் கட்டி, இழுத்து ஏற்றி இறக்கினோம். பல வருஷமாக மாடிப்படிகூட ஏறாத உடம்பு. முதல் நாளே கை நடுங்குகிற வரைக்கும் இழுத்தேன். மறுநாள் வலியோடு இழுத்தேன். வலித்தால்தான் பலம் ஏறும் என்று முனிராஜுவிடமும் சொன்னேன். அவருக்கும் ஒரு மழைக்கோட்டு வாங்கச் சொன்னேன். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்கக் கூடாது, எச்சிலைக்கூட விழுங்காமல் துப்ப வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

போட்டியன்று எடை மேடையில் தேறிவிட்டோம். வெயில் சுள்ளென்று அடித்தது. வெறும் வயிற்றில் ஒரு டீ குடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தோம். மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, ஆனாலும் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். டும்மன் என்ற அதே குரல்கள் இப்போது கேப்டன் என்றன. வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். முனிராஜுவுக்கும் அதையே வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில்தான் அந்த டிகாக்‌ஷன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே படுக்க வைத்துவிட்டார்கள். சிறுநீரக டாக்டர் ஒரு அம்மா. கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். தாங்க முடியாத வேலையைத் திடீரென்று கொடுத்ததால் என் தசைகள் உடைந்துவிட்டன. இதற்கு ராப்டோமயோலிசிஸ் (தசை இழைகள் சிதைந்து அவற்றுக்குள் இருப்பது ரத்தத்தில் கலந்துவிடும் நிலை) என்று பெயர். சிதைந்த தசையின் சாயம்தான் சிறுநீரில் கறுப்பாக வருகிறது. அந்தச் சாயம் சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கிறது. உடம்பில் தண்ணீர் இருந்திருந்தால் கொஞ்சமாவது கழுவிக்கொண்டு போயிருக்கும். தண்ணீரை நானே பிழிந்து எடுத்துவிட்டேன். அதற்கு மேல், சிறுநீரகத்தையே தாக்கும் வலி மாத்திரை வேறு. என் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் இது ஏறினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள்) தாறுமாறாக ஏறியிருந்தது. சிறுநீரகம் திரும்பி வருமா என்று கேட்டேன். பெரும்பாலும் வரும், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

அப்படி என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் எக்சர்சைஸ் என்றேன். கொஞ்சம் செய்தால் இப்படி வராது, சரியாகச் சொல்லுங்கள் என்றார். கயிறு இழுத்தேன் மேடம் என்றேன். மழைக்கோட்டையும் சொன்னேன், எச்சிலையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் குனிந்து பேனாவைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிள்ளை பெரிய கிளாஸ் படிக்கிற வயதில், கயிறு இழுத்துக் கிட்னியைக் கெடுத்துக்கொண்டவன் நான். போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கலாவின் செல்போன் அடித்தது. அவள் அண்ணன் சேகர். எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருப்பவர். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் காதில் விழுந்தது விவேக் நகர் வரைக்கும் போய்விடும். கலா போனைக் கையால் மூடிக்கொண்டு, என்ன சொல்ல என்று கண்ணால் கேட்டாள். கிட்னி என்றால் குடிகாரன் என்று நினைப்பார்கள். கயிறு என்றால் சிரிப்பார்கள். சிறுநீர் நிறம் மாறினது ஞாபகம் வந்தது.

"காமாலைன்னு சொல்லிடு," என்றேன்.

சொல்லிவிட்டாள். தண்ணீர் சரியில்லை என்றால் யாருக்கும் வருவதுதானே. சாயங்காலத்துக்குள் நீலசந்திராவுக்கும் தெரிந்துவிட்டது, பீன்யாவுக்கும் தெரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியும், நம் ஜனங்கள் மற்ற எந்த நோய் என்றாலும் டாக்டரை நம்புவார்கள். காமாலை மட்டும் நம் சொந்த நோய். வீட்டுக்கு ஒரு மருந்து உண்டு. மறுநாளே சேகர் மச்சான் ஒரு தூக்கு நிறைய இளநீரோடு வந்துவிட்டார். கூடவே அவர் வீட்டுக்காரம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லி உருண்டை, ஒரு பாட்டிலில் கரும்புச் சாறு.

எனக்கு இளநீர் கூடாது. வாழைப்பழம், ஆரஞ்சு எதுவும் கூடாது. அவற்றில் இருக்கும் பொட்டாசியம் (இதயத் துடிப்பை நடத்தும் உப்பு) நல்ல சிறுநீரகம் இருப்பவர்களுக்குப் பலம். என்னைப் போல அடைபட்டவர்களுக்கு வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தேங்கும். தேங்கினால் இதயம் நின்றுவிடும். இதை டாக்டரம்மா எனக்கும் கலாவுக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தார். மச்சான் வந்த நேரம் கலா எங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குப் போயிருந்தாள்.

டாக்டர் இளநீர் வேண்டாம் என்றார் மச்சான் என்று சொல்லிப் பார்த்தேன். இங்கிலீஷ் டாக்டருக்குக் காமாலையைப் பற்றி என்ன தெரியும், என் கண்முன்னால் குடித்தால்தான் நான் கிளம்புவேன் என்று தூக்கு மூடியில் ஊற்றி நீட்டினார். காலையில் சிட்டி மார்க்கெட் வரைக்கும் போய்ப் பார்த்துப் பார்த்து வெட்டி வாங்கியதாக வேறு சொன்னார். மறுத்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் காமாலை இல்லை என்று ஆகிவிடும். காமாலை இல்லை என்றால் கயிறு வெளியே வந்துவிடும். நான் குடித்தேன். அடுத்த நாளும் வந்தார். அடுத்த நாளும் குடித்தேன். கலாவிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கையும் காலும் துணி மாதிரி துவண்டன. நெஞ்சு இரண்டு முறை அடித்துவிட்டு ஒரு முறை மறந்துபோனது. பக்கத்து மெஷின் கூவ ஆரம்பித்ததும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஊசி போட்டார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள், கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸுக்கு (ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது) தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

எல்லாம் அடங்கின பிறகு டாக்டரம்மா வந்து, என்ன குடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். கலா கட்டிலுக்கு அடியில் இருந்த தூக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இளநீர் என்றேன். தெரிந்தும் ஏன் குடித்தீர்கள் என்றார். மச்சான் ஆசையாகக் கொண்டுவந்தார் என்றேன்.

"இவங்க அண்ணன் கோவிச்சுக்குவார்னு குடிச்சீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டுவிட்டுப் போனார். திரைக்குள் கலா அழுதுகொண்டே, இனி உங்க மானத்துக்கு என்னால காவல் நிக்க முடியாது என்றாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லச் சம்மதிக்கவில்லை. காமாலை முற்றிப்போய்க் கிட்னியில் இறங்கிவிட்டது என்று சேகருக்குச் சொல்லச் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். பொய்க்கு ஒரு மாடி கட்டியாகிவிட்டது.

ஆயுத பூஜை ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. நர்ஸுகள் டயாலிசிஸ் மெஷின்களுக்கும் குங்குமம் வைத்துப் பூப் போட்டார்கள். எங்கள் கோப்பை தொழிற்சாலையில் பூஜை மேடையில் வைத்திருப்பதாகப் போட்டோ அனுப்பினார்கள். பார்த்துவிட்டுப் போனை அணைத்துவிட்டேன்.

சிறுநீர் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் ஒரு மூடி அளவு, பிறகு ஒரு டம்ளர். நர்ஸ் அளந்து பார்த்துச் சந்தோஷப்பட்டபோது, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நானும் சிரித்தேன். டயாலிசிஸை நிறுத்தினார்கள். கிரியாட்டினின் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, உணவு ஆலோசகர் ஒரு பெண் வந்து உட்கார்ந்து பேசினார். நான் செய்த ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

சோறு எதிரி இல்லை என்றார். இழுக்கவும் ஓடவும் தசைக்கு வேண்டிய விறகு சோற்றிலும் சப்பாத்தியிலும் ராகியிலும்தான் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே எரிக்கப் போகும். பருப்பு, முட்டை, கடலை எல்லாம் கிழிந்த தசையைத் தைக்கிற நூல். அதை விளையாட்டு முடிந்த பிறகும் சாப்பிட வேண்டும், வெள்ளைக்கருவோடு மஞ்சளையும் சேர்த்தே சாப்பிடலாம். எடை குறைக்க வேண்டுமானால் மாதக்கணக்கில், தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமே தவிர வேர்வையில் குறைக்கக் கூடாது. வேர்த்தால் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகிறது, இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் போதும். இது நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு. எனக்கு இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார். என்னை அவருக்குப் புரிந்துவிட்டது போல.

பயிற்சி பற்றியும் கேட்டேன். புது வேலையை உடம்புக்குப் படிப்படியாகக் கொடுக்க வேண்டும், முழுப் பேரல்தான் இலக்கு என்றால் முதல் வாரம் கால் பேரல்கூட அதிகம் என்றார். கடுமையான நாளுக்கு அடுத்த நாள் ஓய்வு. தூக்கம் குறைந்தால் பயிற்சியும் குறைய வேண்டும். அயர்ச்சி வேறு, தசை வீங்கி மடக்க முடியாத வலி வேறு. இரண்டாவது வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. இதில் ஒன்றுகூடப் பெரிய ரகசியம் இல்லை. பத்தாம் கிளாஸ் படிக்கிற என் பெண்ணின் புத்தகத்திலேயே பாதி இருந்தது. அதை வீட்டில் பார்த்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பினேன். காமாலை சரியாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆகிவிட்டது என்றேன். எண்ணெய்ப் பலகாரம் தொடாதே என்று அக்கறையாகச் சொன்னார்கள். தலையாட்டிக்கொண்டே கேன்டீனுக்குப் போனேன்.

முனிராஜு எனக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், எழுவதற்குள் இரண்டு முறை மேஜையைப் பிடித்தார். முகம் உப்பியிருந்தது. நல்லா சதை போட்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். காலில் ரப்பர் செருப்பு. வார்ப்புப் பிரிவில் இரும்பு முனை வைத்த ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஷூ காலில் ஏறவில்லை கேப்டன், பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தார். பாதம் இரண்டும் புஸ்ஸென்று வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது.

சாப்பாட்டுப் பையிலிருந்து பேப்பரில் கட்டின ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். அவர் பெண்டாட்டியின் ஊரில் காமாலைக்குப் பெயர்போன ஒருவர் கொடுக்கும் பச்சிலை மருந்தாம். கயிறு இழுத்த மறுநாள் அவருக்கும் சிறுநீர் கறுப்பாகத்தான் போயிருக்கிறது. வலி தாங்காமல் நான் வாங்கிக் கொடுத்த மாத்திரையையே திரும்பத் திரும்ப வாங்கிப் போட்டிருக்கிறார். ஜெயித்த பிறகு உடம்பு வலிக்கிறது என்று ஒரு ஆம்பிளை எப்படிச் சொல்வது என்று யாரிடமும் சொல்லவில்லை.

"ரொம்ப பயந்துட்டேன் கேப்டன். அப்பறம் உங்களுக்கும் அதே மாதிரி, காமாலைன்னு சொன்னாங்க. அப்பாடா, காமாலைதான்னு நிம்மதியாயிட்டேன். ஊருக்குப் போய் மருந்து குடிச்சேன். உங்களுக்கும் சேத்து வாங்கினேன்."

பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் சாப்பிடுகிறவர்கள், தட்டுச் சத்தம். அந்தக் கேன்டீனில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேருக்கும் நான் இன்னும் ஜெயித்த கேப்டன்.

"முனிராஜு, எனக்குக் காமாலை வரல. கயிறு இழுத்துக் கிட்னி போச்சு. வெட்கப்பட்டுக்கிட்டு காமாலைன்னு பொய் சொன்னேன். உங்களுக்கும் கிட்னிதான். வாங்க, இப்பவே கிளம்பலாம்."

நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் பக்கத்து மேஜையில் தலைகள் திரும்பின, பிறகு அதற்கடுத்த மேஜையில். யாரோ ஒருவர் சிரித்தார், தொடர்ந்து சிரிக்க ஆள் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டார். முனிராஜு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு, ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்துவிடட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் தாங்கிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோயிற்று. கேன்டீனிலேயே அழுதேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. எனக்கு முதல் நாளே கிடைத்த வைத்தியம் அவருக்கு இவ்வளவு தாமதமாகக் கிடைக்கிறது. மாத்திரையும் பச்சிலையும் சேர்ந்து, மிச்சமிருந்ததையும் கெடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். என் சிறுநீரகம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிட்டது. அவருடையது எவ்வளவு திரும்பும் என்று இன்னும் தெரியவில்லை. டயாலிசிஸ் நடக்கிறது. காத்திருங்கள் என்கிறார்கள், காத்திருக்கிறோம்.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் ஷிஃப்ட். மணி அடித்தால் தொடக்கம், மணி அடித்தால் முடிவு. உடம்பு என்பது அந்த இரண்டு மணிக்கும் நடுவில் நான் ஓட்டுகிற வண்டி. இப்போது உடம்புக்குத் தனியாக ஒரு நேரம் இருக்கிறது என்று தெரிகிறது. கெடுவதற்கு அதற்கு ஒரு சாயங்காலம் போதும். சரியாவதற்கு நம் அவசரம் எதையும் அது கேட்பதில்லை. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் தொடை எனக்குத் தெரிகிறது. அது என் சொந்தம் என்பதைவிட, நம்பிக் கொடுத்துவைத்த பொருள் போலத்தான் தோன்றுகிறது.

வேலை முடிந்ததும் முனிராஜுவின் வார்டுக்குப் போய்விடுகிறேன். அவருக்கும் ஜனங்கள் வருகிறார்கள். தும்கூர் பக்கத்திலிருந்து உறவுக்காரர்கள், தொழிற்சாலை ஆட்கள். கையில் இளநீர், பழம், இலை மருந்து. நான் வார்டு வாசலில் நின்றுகொள்கிறேன். ஒவ்வொருவரையும் நிறுத்தி, இது காமாலை இல்லை என்று ஆரம்பித்து முழுதாகச் சொல்கிறேன். கயிற்றைச் சொல்கிறேன், மழைக்கோட்டைச் சொல்கிறேன், சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதையும், பொய் சொன்னதும் நான்தான் என்பதையும் சொல்கிறேன். கன்னடத்தில் திணறுகிறேன், தமிழில் தடுமாறுகிறேன். சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். சொல்லிப் பழகினால் வெட்கம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் முதல் தடவை மாதிரியே எரிகிறது.

முனிராஜுவின் மனைவி இத்தனை நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சொல்வதைச் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நேற்று நான்கு பேர் ஒன்றாக வந்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். கட்டிலருகே இருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டார்.

"உக்காந்து சொல்லுங்க," என்றார்.